கீழ்க்கரைக்காரரின் பெயர்

ஆகஸ்டு மாதம் எங்கள் புக்கோம் சந்துக்கு வெயில் எட்டிப் பார்க்காது. விடிந்தால் வானம் தேய்க்காத அலுமினியச் சட்டி மாதிரி இருக்கும். பொழுது சாயும்வரை அதே நிறம்தான். கடல் தண்ணீர் குளிர்ந்துபோகும். குளிர்ந்தால் சாளை மீன் கூட்டமாகக் கரையை ஒட்டி வரும். சாளை வந்துவிட்டால் சந்தில் ஒருவருக்கொருவர் முகம் தெரியாத அளவுக்குப் புகை. அக்ரா நகரம் முழுக்கச் சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் புகையை மடித்து வைத்துக்கொள்கிறோம் என்று என் தையல் கடைக்குத் துணி கொண்டு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

அந்தப் புகையில் பாதி எதிர்வீட்டுக் கோர்க்கோயின் அடுப்பிலிருந்து வருவது. இடுப்பளவு மண் அடுப்பு. அதன்மேல் கம்பிவலை அடித்த மரத் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்து. ஒவ்வொரு தட்டிலும் சாளையை வரிசை பிசகாமல் அடுக்கி, அடித்தட்டை எடுத்து மேலே வைத்து, மேல்தட்டை அடியில் செருகி, நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. ஒரு பக்கம் கோர்க்கோய் பிடிப்பாள், மறுபக்கம் அவளுடைய அக்கா அஜெலே. தாய் ஒன்று, தகப்பன் வேறு. இருவரும் பிறந்தது முதல் அந்த வீட்டில்தான்.

அது பெண்கள் வீடு. இந்தக் கரையின் பூர்வீகக்காரர்களான கா ஜனங்களில் பழைய குடும்பங்கள் இன்னும் அப்படித்தான் இருக்கின்றன. பெண் தாய்வீட்டில் இருப்பாள். புருஷன் அவனுடைய தகப்பன்வீட்டில் இருப்பான். சாயங்காலம் பெண்டாட்டி சமைத்து, கிண்ணத்தில் வைத்து, துணியால் மூடிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அஜெலேயின் புருஷன் ஒகாய், சந்தின் கோடியில் அவன் அண்ணன்களோடு இருந்தான். முப்பத்தோரு வருஷமாக அவள் அந்தக் கிண்ணத்தைச் சுமந்துகொண்டு என் கடையைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தரை மணிக்குப் போவாள், ஆறுக்குள் திரும்பிவிடுவாள். அதைப் பார்த்துத்தான் நான் கடையில் விளக்குப் போடுவேன்.

கோர்க்கோய் கிண்ணம் சுமக்கவில்லை. அவள் கட்டிக்கொண்டது கிழக்குக் கடற்கரையில் அன்லோகா பக்கத்து எவே ஜனத்து ஆள். அக்பெகோ என்று பெயர். தையல் மிஷின் பழுதுபார்க்கிறவர். அவருக்கு இந்த ஊரில் தகப்பன்வீடு ஏது. வாடகை அறையில் இருந்தவர், ஒரு மழைக்காலத்தில் அறைக்குள் தண்ணீர் புகுந்தது என்று நான்கு நாளைக்கு வந்தார். இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டார். பெண்கள் வீட்டில் ஆம்பளை படுத்து எழுவதா என்று சந்து கொஞ்ச நாள் சிரித்தது, பிறகு மறந்தது. அஜெலே மறக்கவில்லை. அவள் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. நேரில் பேசினால், “கீழ்க்கரைக்காரரே, வாளியை நகர்த்துங்க” என்பாள். மற்றவர்களிடம், “அந்தக் கீழ்க்கரைக்காரர்.” அவ்வளவுதான்.

பிப்ரவரியில், மிஷின் ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்போது அவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவருடைய ஜனங்கள் லாரி கொண்டுவந்து உடலை எடுத்துப் போனார்கள். கோர்க்கோய் கூடப் போனாள். கறுப்புத் துணி கட்டிவிட்டார்கள், பாயில் உட்காரவைத்தார்கள், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் மூன்று வாரம் அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தாள். எல்லாரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். “அக்ரா சம்சாரத்துக்கு முதல்ல தண்ணி குடுங்க” என்பார்களாம். கடைசியில், உன் வேலை முடிந்தது தாயே, நீ உன் ஜனத்திடம் போகலாம் என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். அவருடைய ஸ்க்ரூடிரைவர் பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அவள் அழுததை அன்றைக்கும் நாங்கள் பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

இப்போது ஹோமோவோ வந்துவிட்டது, பசியைக் கேலி செய்கிற எங்கள் அறுவடைப் பண்டிகை. சனிக்கிழமை விருந்து. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், அந்த வருஷம் செத்துப்போனவர்களின் பெயரை ஒவ்வொரு வீட்டிலும் மூத்த பெண் சொல்லுவாள். மற்றப் பெண்கள் அழுவார்கள். பொழுது வெளுத்ததும் அழுகையை நிறுத்திவிட்டு வீடுவீடாகப் போய்க் கைகொடுத்து, ஆயுசு நீளட்டும் என்று சொல்ல வேண்டும். கைகொடுத்தபின் அழக்கூடாது. அழுதால் வருகிற வருஷத்துக்கும் முன்கூட்டியே அழுததாகிவிடும். எதிர்வீட்டில் பெயர் சொல்லுகிற மூத்த பெண் அஜெலே.

புதன்கிழமை, தட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது கோர்க்கோய் கேட்டாள்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை பேர் சொல்றப்போ அவர் பேரையும் சொல்லணும்.”

“எவர் பேரை?”

“எவர் பேரைன்னா? இந்த வருஷம் எனக்கு எத்தனை புருஷன் செத்தான்?”

அஜெலே தட்டைக் கீழே வைத்தாள். ஒரு மீன் உடைந்திருந்தது. அதை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

“அவருக்கு அவங்க ஊர்ல எல்லாம் செஞ்சாச்சு. நீயே சொன்ன. அவங்க ஆளு, அவங்க கூப்பிடுவாங்க. நாமளும் இங்கேருந்து கூப்பிட்டா அந்த மனுஷன் எந்தப் பக்கம் போவாரு? உசுரோட இருந்தப்ப அங்கயும் இங்கயும் லாரி ஏறி இறங்கினது போதாதா?”

“லாரி ஏறி இங்கதானே வந்தாரு ஒவ்வொரு தடவையும்.”

“வந்தாரு. விருந்தாளியா வந்தாரு.”

“இருபத்திரண்டு வருஷ விருந்தாளியா அக்கா?”

“போகாத விருந்தாளி.” அஜெலே தட்டை மறுபடி பிடித்தாள். “தூக்கு. அடில இருக்கறது கருகுது.”

தூக்கினார்கள். 

வியாழக்கிழமை, வெளியூரில் இருக்கும் கா ஜனங்களெல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிற நாள். மார்க்கெட்டுப் பக்கம் லாரிகள் நகர முடியாமல் நிற்கும். கோர்க்கோயின் மகள் ஜிஃபாவும் வந்தாள். குமாசியில் மருந்துக்கடையில் வேலை. தலையில் ஒரு மூட்டை மக்காச்சோளம், கையில் எண்ணெய்ப் பனம்பழம், இடுப்பில் போன். வந்து இறங்கியதும் சமையல்கட்டில் மூடி மூடியாகத் திறந்து பார்த்தாள்.

சாயங்காலம் அஜெலே செம்மண்ணைக் குழைத்து வாசற்கதவின் இரண்டு பக்கமும் பூசிக்கொண்டிருந்தாள். ஜிஃபா பக்கத்தில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் கடையில் உட்கார்ந்து ஒரு சட்டையின் கைப்பக்கம் தைத்துக்கொண்டிருந்தேன். காதைத் தைக்க முடியாதே.

“பெரியம்மா, அப்பா பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டீங்களாமே.”

“வந்து கால் கழுவறதுக்குள்ள உங்கம்மா சொல்லிட்டாளா?”

“அவங்க சொல்லல. பெரியப்பா சொன்னாரு.”

“அந்தாளு வாயில சாளையை வெச்சு அடைக்கணும்.” மண்ணை வழித்துப் பூசினாள். “இங்க பாரு. உங்கப்பா மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. ஆனா இந்தப் பேர் சொல்றது நானா உண்டாக்கினது இல்ல. எங்கம்மா வாயிலேருந்து எனக்கு வந்தது. இந்த வீட்டுக் கருப்பைல பொறந்தவங்க பேரு. அதுல ஒண்ணைச் சேர்க்கவும் எனக்கு உரிமை இல்ல, விடவும் உரிமை இல்ல.”

“சேர்த்தா என்ன ஆகும்?”

“இன்னைக்கு உங்கப்பா. நாளைக்கு மூலை வீட்டு ஹவுசாக்காரரு, அவரும் நல்லவருதான். அப்புறம் மாடியில இருக்கற அந்த வடக்கத்திப் புள்ள. அக்ரா முழுக்க இப்ப வெளியூர் ஜனந்தான். நம்ம பேச்சைக் கடைத்தெருவுல பேசினா திரும்பிப் பாக்கறாங்க. நம்ம கடல்ல எவன் எவனோ வலை போடறான். பரவாயில்ல, எல்லாரும் பொழைக்கட்டும். நமக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ஒரு விடியக்காலை. அதுலயும் எல்லாரையும் சேர்த்துட்டா, அப்புறம் அது எவங்க வீட்டு அழுகை?”

ஜிஃபா கொஞ்ச நேரம் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்லோகாவுல என்னை அக்ராக்காரின்னு சொல்றாங்க. இங்க எனக்குத் தகப்பன்வீடு இல்ல. நான் செத்தா எம்பேரை யாரு சொல்லுவா பெரியம்மா?”

“நீ இந்தக் கருப்பை. உன் பேரைச் சொல்லுவாங்க.”

“பாதி பேரையா?”

அஜெலேயின் கை நின்றது. கதவில் ஒரு கைத்தடம் ஆழமாகப் பதிந்து மண் வழிந்தது.

“அதைக் கேக்க நான் இருக்க மாட்டேன். சட்டியை நேராப் புடி.”

வெள்ளிக்கிழமை முழுக்க மாவு வேலை. ஊறப்போட்டு அரைத்து மூன்று நாள் புளித்த சோளமாவை ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, சல்லடையில் சலித்து, மறுபடி வேகவைக்க வேண்டும். அதில் பனை எண்ணெயும் வெண்டைக்காயும் சேர்த்துப் பிசைந்தால் க்போக்போய். பனம்பழக் குழம்பில் புகைபோட்ட மீன் மிதக்க, அதோடு சாப்பிட வேண்டும். பனம்பழத்தை வேகவைத்துப் பெரிய மர உரலில் இடிக்கும் வேலை அஜெலேயுடையது.

அந்த உரலுக்கு அடியில் லாரி டயரிலிருந்து வட்டமாக வெட்டிய ஒரு ரப்பர் துண்டு கிடக்கும். அதை வெட்டிப் போட்டது அக்பெகோ. ஒவ்வொரு வருஷமும் மே மாதம் விதைப்பு முடிந்ததும் முப்பது நாள் ஊரில் கொட்டு, கைத்தட்டல், பெருஞ்சத்தம் எதுவும் கூடாது. விதை தூங்குகிறது, தெய்வங்கள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. வெளியூர்ச் சபைகளுக்கும் எங்கள் ஜனங்களுக்கும் இதில் வருஷா வருஷம் தகராறு வரும். சபைக்காரர்கள் ஒலிபெருக்கியைப் போடுவார்கள், எங்கள் ஆட்கள் போய் மத்தளத்தைத் தூக்கி வருவார்கள், போலீஸ் வரும். அக்பெகோ தன் சபையில் மத்தளம் அடிக்கிறவர். முதல் வருஷமே பாதிரியாரிடம் பேசி, அந்த முப்பது நாளும் இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டிப் பாட வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனால், தூறல் விழுவது போலச் சத்தம் கேட்கும். மிஷின்களை மடித்த கம்பளியின்மேல் வைத்து ஓட்டிப் பார்ப்பார். உரல் சத்தம் வெளியே கேட்கிறதே என்று அஜெலே ஒரு நாள் சங்கடப்பட்டபோது, இந்த ரப்பரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். தடை நீங்கிய பிறகும் யாரும் அதை எடுக்கவில்லை. இந்தப் பதினெட்டு வருஷமாக அந்த வீட்டு உரல் சத்தம் எனக்குக் கேட்டதில்லை.

ஒகாய் வந்தான். வலை முடைகிற ஊசியைக் காதில் செருகியிருந்தான். சட்டியிலிருந்து ஒரு பிடி க்போக்போய் எடுத்து வாயில் போட்டான்.

“மச்சான், இன்னும் எண்ணெய் ஊத்தல அதுக்கு,” என்றாள் கோர்க்கோய்.

“பல்லு இல்லாதவனுக்கு எண்ணெய் எதுக்கு?” சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தாயப்பலகையைப் பார்த்தான். அக்பெகோவும் அவனும் சாயங்காலம் அதை வைத்துத்தான் விளையாடுவார்கள். “கொழுந்தியா, அந்தப் பலகையை நான் எடுத்துட்டுப் போகவா?”

“யாரோட ஆடுவீங்க?”

“அதுவும் சரிதான். எங்கண்ணன் ஆட்டத்துல தோத்தா காயைத் தூக்கி எறியறான். உன் புருஷன் தோத்தா பாட்டுப் பாடுவான். அப்படித் தோக்கறவன் இந்த ஊர்ல வேற எவனும் இல்ல.”

“அப்ப நாளைக்கு உங்க வாசல்ல செத்துப்போன பெருசுங்களுக்குத் தெளிக்கறப்போ அவருக்கும் ஒரு பிடி போடுங்க மச்சான்.”

ஒகாய் ஊசியைக் காதிலிருந்து எடுத்தான், பார்த்தான், மறுபடி செருகினான்.

“நான் போட்டுருவேன். எங்கண்ணன்மாரு கையைப் புடிச்சுக்குவாங்க. அந்தப் பெருசுங்க வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, இது யாரு புது ஆளு, எங்க சட்டில கை வைக்கறான்னு கேட்டா நான் என்ன சொல்றது? தையல் மிஷின்காரன்னா? அதுங்களுக்குத் தையல் மிஷினே தெரியாது.” சிரித்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. “எனக்கும் வேணும் கோர்க்கோய். ஆனா எப்படின்னு தெரியல.”

உரலைப் பார்த்தபடி அஜெலே சொன்னாள்: “சாப்புட்டாச்சுல்ல? கிளம்புங்க. பொம்பளைங்க வீட்ல ஆம்பளைக்கு என்ன வேலை?”

“முப்பத்தோரு வருஷமா இதையேதான் கேக்கற,” என்று சொல்லிக்கொண்டே அவன் போனான்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லா வீட்டு வாசலிலும் க்போக்போய் தெளித்தார்கள். பசியைக் கேலி செய்து கத்தினார்கள். பிறகு பெரியவர் சின்னவர் என்று பார்க்காமல் ஒரே சட்டியில் கைவிட்டுத் தின்றார்கள். எதிர்வீட்டுச் சட்டியைச் சுற்றி ஒன்பது பேர். கோர்க்கோய் வழக்கம்போல இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள். அக்பெகோவின் அந்த இடத்தில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்தது. அவள் நகரவில்லை. ஒன்றிரண்டு கை எடுத்தாள், பிறகு அந்தக் குழந்தைக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோழி கூவியதும் எல்லா முற்றங்களிலும் பெண்கள் கூடினார்கள். எங்கள் வீட்டில் அந்த வருஷம் யாரும் சாகவில்லை; நான் எதிர்வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். இருட்டு இன்னும் முழுக்கப் போகவில்லை. அணைந்த அடுப்பின் மீன்வாடை. அஜெலே வெள்ளைத் துணி கட்டி நடுவில் நின்றாள். அவளுக்கு அடுத்து கோர்க்கோய், ஜிஃபா, பக்கத்து அறைப் பெண்கள்.

முதல் பெயர், அவர்களுடைய தாய்மாமன். அஜெலே நீளமாக இழுத்துச் சொன்னாள். அழுகை எழுந்தது. இரண்டாவது, பத்து நாள்கூட இல்லாமல் போன ஒரு குழந்தை. எட்டாம் நாள் பெயர் வைத்தார்கள், மறுநாள் செத்தது. அந்தத் தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது, கடலில் போன ஒரு சித்தி மகன்.

அதோடு முடிந்தது. ஆனால் அஜெலே வாயை மூடவில்லை.

எல்லாருக்கும் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்சம் தணிந்தார்கள். கோர்க்கோய் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. கரையில் நின்று படகு வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.  அஜெலேயின் உதடு ஏதோ எழுத்துக்கு அசைந்தது. பக்கத்து முற்றங்களிலிருந்து யார் யாருடைய பெயர்களோ கூரைக்கு மேலே வந்துகொண்டிருந்தன. அவள் அப்படியே நின்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

பெண்கள் மீதி அழுகையை அழுது முடித்தார்கள். கோர்க்கோய் அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களின் சாவுக்கு வந்தவள் போல நின்றாள்.

வெளுத்தது. ஒவ்வொருவராக மூக்கைச் சிந்தி, முகம் கழுவி, கைகொடுக்கத் தொடங்கினார்கள். அஜெலே முதலில் தங்கையிடம் வந்தாள். கையை நீட்டினாள்.

“ஆயுசு நீளட்டும்.”

மறுக்கக்கூடாது. எந்தச் சண்டையும் அந்தக் கையோடு முடிந்தாக வேண்டும். கோர்க்கோய் கொடுத்தாள். “நீளட்டும்,” என்றாள். கையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஜிஃபா பின்னால் போகப் பார்த்தாள். அஜெலே அவளைத் தடுத்து, “நீ போய்ப் பெரியப்பாவுக்குக் கைகொடுத்துட்டு வா,” என்று அனுப்பிவிட்டு, தானும் தன் அறைக்குள் போனாள்.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததைக் கோர்க்கோய் பல வாரம் கழித்து, என் கடை வாசலில் மீன் உரசிக்கொண்டு சொன்னாள்.

இரண்டு அறைக்கும் நடுவில் பலகைச் சுவர். அது கூரையைத் தொடாது. தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு முழம் திறப்பு. கோர்க்கோய் கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அக்கா உட்கார்ந்தாள் என்று தெரிந்தது.  வெளியே ஜனங்கள் கைகொடுத்துச் சிரிக்கிற சத்தம்.

“கோர்க்கோய்.”

அவள் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“தினம் சாயங்காலம் நான் கிண்ணம் குடுத்துட்டு வந்து இங்கதான் படுப்பேன். நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்க. வேணும்னு கேக்கல. சுவரு அப்படி.”

“தெரியும்.”

“எங்க ஆளு கிண்ணத்தை வாங்குவாரு. நேத்து உப்பு கம்மின்னு சொல்லுவாரு. அவ்வளவுதான் எங்க பேச்சு. தப்பு ஒண்ணுமில்ல, எங்கம்மாவுக்கும் எங்கப்பாவுக்கும் அதுகூட இல்ல. ஆனா நான் இங்க படுத்துக்கிட்டு...” நிறுத்தினாள். பிறகு வேறு குரலில் கேட்டாள். “அக்பெகோ ஒரு மிஷினைப் பத்திச் சொன்னாரே, போன வருஷம் ஜூன்ல. உள்ள பல்லி முட்டை போட்டிருந்துச்சுன்னு.”

கோர்க்கோய் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாளாம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தப் பெயர். பெயர் சொல்லுகிற குரலில் இல்லை. கடைக்குப் போய் வரச் சொல்லுகிற குரலில்.

“மூணு முட்டை. எடுத்துப் போட மனசு வரல, சாமான் கிடைக்கலன்னு அந்தத் தையக்காரிகிட்டப் பொய் சொல்லி மிஷினை அப்படியே வெச்சிருக்கேன்னாரு. அந்தப் பொம்பளை தினம் வந்து திட்டறான்னாரு. நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அப்புறம் பெரிய மழை வந்துடுச்சு. தகரத்துல விழுந்த சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல. என்ன ஆச்சு அதுக்கு? பொரிச்சுதா?”

கோர்க்கோய் யோசித்தாள். அந்த மழையை யோசித்தாள். அன்றைக்குப் பத்துத் தட்டு மீன், கை கழன்று விழுகிற வலி.

“எனக்குத் தெரியாது அக்கா.”

“எப்படித் தெரியாம போகும்? உங்கிட்டதான் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

“நான் தூங்கிட்டேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. பிறகு அஜெலே மெதுவாகச் சொன்னாள்:

“மழை விட்ட பிறகும் அவர் பேசிக்கிட்டுதான் இருந்தாரு, கோர்க்கோய். கடைசி கொஞ்சம் கேட்டுச்சு. ‘அவ்வளவுதான்’னாரு. நீ கேட்டுக்கிட்டிருக்கறன்னு நினைச்சேன்.”

அந்த மிஷின் யாருடையது என்று பிறகு நானும் விசாரித்துப் பார்த்தேன். ஜேம்ஸ்டவுன் வரைக்கும் எல்லாத் தையல்காரிகளையும் கேட்டேன். என்னுடையது இல்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் சந்தில் நான்கு வீட்டுக்குக் கைகொடுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முதலில் பூனையோ என்று நினைத்தேன். பிறகு அது ஒரு பெண் அழுவது என்று தெரிந்தது. ஆறு மாதம் அழாதவள் அழுகிற அழுகை. பொழுது நன்றாக வெளுத்திருந்தது. சந்து முழுக்க ஜனம். புது உடுப்பில் குழந்தைகள். கைகொடுத்து முடிந்த வாசல்கள். ஒகாயின் அண்ணன்மார் இரண்டு பேர் கோலூன்றிக்கொண்டு அந்த வாசலை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அறைக்கதவு திறந்தது. அஜெலே வெளியே வந்தாள். வெள்ளைத் துணியை இழுத்து இடுப்பில் செருகினாள். முற்றத்தில் இருந்த உரலைச் சாய்த்து, அடியிலிருந்த ரப்பர் துண்டைக் காலால் தள்ளினாள். உரலை வெறும் தரையில் நிறுத்தி, உலக்கையை எடுத்து இடிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சத்தத்தைப் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு கேட்டேன். தரை அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த சட்டிகள் ஆடின. அவள் நிறுத்தவில்லை, பெரிய மழை மாதிரி, மூச்சு விடாமல் இடித்தாள். அந்த இடிக்குள் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

வந்த கிழவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

“ஆயுசு நீளட்டும், அஜெலே,” என்று பெரியவர் கத்திச் சொன்னார். “பண்டிகைக்கு மறுநாள் காலைல என்னம்மா இடிக்கற?”

“மிளகாய்,” என்றாள் அஜெலே. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “நெடி ஏறும். தள்ளி நில்லுங்க.”

அவர்கள் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் கைகொடுக்க வேண்டுமே என்று கிட்டே போனேன். அவள் ஒரு கையால் இடித்துக்கொண்டே மறுகையை நீட்டினாள். அதைப் பிடித்தபடி உரலுக்குள் எட்டிப் பார்த்தேன்.

உரலில் ஒன்றும் இல்லை.